சுண்ணாம்பும் ஷேவிங் சோப்பும்

பெயிண்ட் கம்பெனியில் அவனுக்குச் சுண்ணாம்பு என்று பெயர் வைத்தது யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. தெரிந்தால் ஒரு கை பார்த்துவிடுவேன் என்று பதினான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பெயர் வைத்த புண்ணியவானை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பனிக்காற்று அடிக்கிற மாதங்களில் அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வேறு பெயர் தோன்றாது. மூக்கோரம் உரியும். தாடையில் செதில் செதிலாக எழும்பும். கறுப்புச் சட்டை போட்டால் உதிர்ந்ததெல்லாம் தோளில் தெரியும் என்று வெளிர் சாம்பல் நிறச் சட்டையாகப் பார்த்துத்தான் வாங்குவான். அதிலும் தன் செதிலுக்குப் பொருந்துகிற சாம்பல் கிடைக்கும்வரை கடைக்காரரை உட்காரவிடமாட்டான்.

நிறம் என்று வந்துவிட்டால் அவனை ஏமாற்ற ஆளில்லை. கம்பெனியின் பின்பக்கத்தில் தூள் அறை என்று ஒன்று உண்டு. மூட்டை மூட்டையாகச் சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு. உடைந்த பூந்தொட்டியின் ஓட்டைக் கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. எந்தத் தூளை எத்தனை கிராம் போட வேண்டும் என்பதை மெஷின் யோசித்து முடிப்பதற்குள் சுண்ணாம்பு சொல்லிவிடுவான். அந்த அறைக்குள் அவன்தான் ராஜா. வெளியே வந்தால் பேருந்தில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லக்கூட வாய் வராத ஆள்.

தூள் பறக்கும் என்பதால் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். மூக்குத் தண்டிலிருந்து தாடைக்கு அடிவரை ரப்பர் விளிம்பு கவ்விப் பிடிக்கிற பெரிய மாஸ்க். அதைப் போட்டும், சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் அன்றைய நிறம் வந்துவிடும். வீட்டில் துவைக்கப் போடும்போது மனைவி விரித்துப் பார்த்து, "இன்னிக்குப் பச்சையா?" என்பாள். "பாசிப் பச்சை. சும்மா பச்சைன்னு சொல்லாத" என்று திருத்துவான். ஆபீஸில் என்ன செய்தாய் என்று மற்ற கணவன்மார்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே கைக்குட்டையே சொல்லிவிடும். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

வறண்ட முகத்தால் அவனுக்கு வேறு ஒரு சௌகரியமும் இருந்தது. சிரித்தால் உதடு வெடிக்கும், புருவத்தைத் தூக்கினால் நெற்றி இழுக்கும். ஆகவே முகத்தை அசைக்காமலே காலம் தள்ளப் பழகியிருந்தான். கல்யாணப் படத்தில் மணமகள் பக்கத்தில் துக்கம் விசாரிக்க வந்தவர்போல நிற்பது அவன்தான். மதிய இடைவேளையில் சீட்டாடும்போது அவன் கையில் என்ன இருக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

வருடா வருடம் நடக்கும் மாஸ்க் டெஸ்டிலும் அந்த முகம்தான் அவனைக் காப்பாற்றிவந்தது. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். தலைக்கு மேல் பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கவிழ்ப்பார்கள். அதன் ஓட்டை வழியே கசப்புத் தண்ணீரைப் புகைபோல அடிப்பார்கள். மாஸ்க் சரியாகப் பொருந்தியிருந்தால் வாயில் கசப்பு தெரியாது. தெரிந்தால் எங்கோ இடைவெளி இருக்கிறது, தூளும் அதே வழியாக உள்ளே போகும் என்று அர்த்தம். பழைய பாதுகாப்பு அதிகாரி ஒரு கையில் டீயும் மறு கையில் பாட்டிலுமாக நின்று இரண்டு தடவை அடித்துவிட்டு, "கசக்குதா?" என்பார். "இல்ல சார்" என்பான் சுண்ணாம்பு. கையெழுத்தாகிவிடும்.

கசக்கும். நன்றாகவே கசக்கும். எரிச்சலுக்குப் பயந்து மூன்று நாளைக்கு ஒரு முறைதான் அவன் ஷேவ் செய்வான், முள்முள்ளாக நிற்கிற முடிமேல் ரப்பர் எப்படி உட்காரும்? ஆனால் முகத்தில் ஒரு கோடு மாறாது. எல்லோருக்கும் இப்படிக் கொஞ்சம் கசக்கத்தான் செய்யும், எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்பது அவன் கணக்கு.

இந்த வருடம் பழையவர் ஓய்வு பெற்றுப் போய், புதிதாக ஓர் அம்மா வந்து சேர்ந்தார். டீ குடிக்காதவர். வந்தவர் பாட்டிலைத் தொடுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவன் கன்னத்தில் மேலிருந்து கீழாக இழுத்தார். சர்ர்ர் என்று அறை முழுக்கக் கேட்டது.

"எத்தனை நாள் தாடி இது?"

"ரெண்டு நாள் மேடம். எனக்கு வறண்ட தோல். தினமும் ஷேவ் பண்ணினா தீயா எரியும்."

"எரிஞ்சா அதுக்கு வழி பாருங்க. முடி மேல மாஸ்க் போட்டா, போடாத மாதிரிதான். இன்னிக்கு ஃபெயில்."

இதையும் சேர்த்து மூன்று வாய்ப்புகள், பத்து நாளைக்கு ஒன்று என்று சொல்லி, பொடி எழுத்தில் முன்னும் பின்னும் அச்சடித்த விதித்தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார். மூன்றிலும் தோற்றால் அடுத்த வருடம்வரை தூள் அறைப் பக்கம் போகக் கூடாது. "கவலைப்படாதீங்க, வேலை போகாது. லேபிள் பிரிவுல ஆள் கேட்டிருக்காங்க" என்றும் ஆறுதல் சொன்னார்.

அந்த ஆறுதல்தான் சுண்ணாம்புக்குப் பெரிய அடி. லேபிள் பிரிவின் தலைவன் வேறு யாரும் இல்லை, அவன் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. ஆறு வருடத்துக்கு முன் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனைக் கையைப் பிடித்து அழைத்துவந்து இதே கம்பெனியில் சேர்த்துவிட்டது சுண்ணாம்புதான். பையன் வாய் சாமர்த்தியத்தில் மளமளவென்று மேலே ஏறிவிட்டான். இனி அவனிடம் போய், "மாப்ளே, நாளைக்கு அரை நாள் லீவு வேணும்" என்று கையைக் கட்டி நிற்க வேண்டும். மாமியார் வீட்டு விசேஷங்களில் முதல் நாற்காலியில் உட்காருகிற ஆள், டப்பாவில் பசை தடவிக்கொண்டு நிற்க வேண்டும். நினைக்கும்போதே உடம்பு கூசியது.

மனைவியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. யாரிடமாவது யோசனை கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றியதும் அவன் போய் நின்றது மைத்துனனிடம்தான். அதைப் புத்திசாலித்தனம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவனுக்குத் தெரிந்த மனிதர்களில் கன்னம் பளபளவென்று இருப்பது மைத்துனனுக்குத்தான்.

மைத்துனன் விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளிறிப்போனான். "மாமா, நீங்க என் பிரிவுக்கா? வேணாம் மாமா. எப்படியாவது பாஸ் பண்ணிடுங்க" என்று கெஞ்சினான். மறுநாளே நீல நிறத்தில் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். அழுத்தினால் நுரை வரும். "நான் இதைத்தான் போடுறேன். பனிக்கட்டியை முகத்துல வச்ச மாதிரி சும்மா ஜில்லுனு இருக்கும்."

ஜில்லென்றுதான் இருந்தது, முதல் ஐந்து விநாடி. அதன்பிறகு சுண்ணாம்பு குளியலறைக்குள் ஆடிய ஆட்டத்தைக் குழாயும் வாளியும்தான் பார்த்தன. மைத்துனன் முகம் எண்ணெய் வழிகிற முகம். அந்த நுரையே எண்ணெயை உறிஞ்சிக் காய வைப்பதற்காகச் செய்தது. சுண்ணாம்பின் முகத்தில் உறிஞ்ச என்ன இருக்கிறது? இருந்த கொஞ்சத்தையும் சுரண்டிக்கொண்டு போய்விட்டது. இருந்தாலும் வாங்கிக் கொடுத்தவன் மனம் நோகக் கூடாது என்றும், எரிந்தால்தான் வேலை செய்கிறது என்றும் நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் போட்டான்.

இரண்டாவது டெஸ்டுக்கு அவன் போனபோது முகத்தில் ஒரு முடி இல்லை. பதிலாக, வெட்டுப்பட்ட மூன்று இடத்தில் மூன்று பிளாஸ்திரி இருந்தன. அதிகாரி அவனையும் பிளாஸ்திரிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பூனையோட சண்டையா?"

"ஷேவ் பண்ணினேன் மேடம்."

"பிளாஸ்திரி மேல மாஸ்க் உட்காராது. எடுத்தா ரத்தம் வரும். ரெண்டாவதும் போச்சு."

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவனை மனைவி வாசலிலேயே நிறுத்தினாள். காலையில் அவள் அவனுக்கு முன்பே வேலைக்குப் போய்விட்டதால் இந்த அலங்காரத்தைப் பார்த்திருக்கவில்லை. இனி மறைக்க வழியில்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கேட்கக் கேட்க அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தோற்றதற்காக இல்லை. வறண்ட தோலுக்கு வழி கேட்டு, கட்டிய பெண்டாட்டியை விட்டுவிட்டு அவள் தம்பியிடம் போனதற்காக.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, யாரும் பிரித்துப் படிக்காத தாள், அதை அச்சுக்குப் போவதற்கு முன் பிழை பார்ப்பதுதான் அவள் வேலை. எறும்பளவு எழுத்தில்தான் அவள் பிழைப்பு ஓடுகிறது. களிம்பில் என்ன இருக்கும், எது தோலுக்கு ஆகும், எது ஆகாது என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

முதலில் விதித்தாளை வாங்கி இரண்டு பக்கமும் படித்தாள். பின்பக்கம் கடைசியில் இருந்த அடிக்குறிப்புகளையும் சத்தமாகப் படித்தாள். எதையும் பாதியில் விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. "நாலாவது குறிப்பு: முகத்தில் எண்ணெயோ களிம்போ இருக்கும்போது நடத்தப்பட்ட சோதனை கணக்கில் சேராது. முகத்தைக் கழுவித் துடைத்தபின் மீண்டும் நடத்த வேண்டும். கேட்டுச்சா? கிரீம் பூசினா ரப்பர் வழுக்கும். டெஸ்ட் அன்னிக்குக் காலையில ஷேவ் பண்ணினதோட சரி, வேற எதையும் முகத்துல தேய்க்கக் கூடாது."

"ம்" என்றான் சுண்ணாம்பு. அவனுக்கு உதட்டோரம் எரிந்துகொண்டிருந்தது.

அடுத்து குளியலறைக்குள் போய் விசாரணையைத் தொடங்கினாள். நீல டப்பாவை எடுத்துப் பின்பக்கம் படித்தாள். "ஆல்கஹால் ரெண்டாவது இடத்துல இருக்கு. எது அதிகமோ அதைத்தான் முதல்ல போடுவாங்க. மெந்தால் வேற. இது முகத்துக்குப் போடுறதா, தரை துடைக்கிறதா? இதுக்கு முன்னாடி எதை வச்சு ஷேவ் பண்ணினீங்க?"

சுண்ணாம்பு குளிக்கிற சோப்பைக் காட்டினான்.

"இதுவா? இத்தனை வருஷமாவா? தண்ணி?"

"குழாய்த் தண்ணிதான்."

"இந்தக் குளிர்லயா! பிளேடு?"

பிளேடின் வயதை அவன் சொன்னதும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளே கடைக்குப் போனார்கள். ஷேவிங் சாமான்களுக்கென்றே ஒரு சுவர் முழுக்க அலமாரி. டியூப், டப்பா, பாட்டில், கிண்ணம். மனைவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேல் தட்டில் இடது ஓரத்திலிருந்து தொடங்கினாள். ஒவ்வொன்றாக எடுப்பாள், திருப்புவாள், படிப்பாள், உதட்டைப் பிதுக்கி வைப்பாள். கடைப் பெண் உதவிக்கு வந்தாள்.

"சாருக்கு எது வேணும்? இது புதுசா வந்திருக்கு. நல்ல வாசனை."

"வாசனைதான் பிரச்சினை. வறண்ட தோலுக்கு வாசனை எவ்வளவு குறைச்சலோ அவ்வளவு நல்லது" என்றாள் மனைவி, படிப்பதை நிறுத்தாமல்.

"அப்ப இந்த ஜெல்?"

"இதுலயும் ஆல்கஹால். அதோட இந்தப் பக்கம் 'மென்மை', அந்தப் பக்கம் 'மேண்மை'. பிழையே திருத்தாதவன் சோப்பை மட்டும் ஒழுங்கா காய்ச்சியிருப்பானா?"

கடைப் பெண் சத்தமில்லாமல் பின்வாங்கினாள். இந்த நேரத்தில் சுண்ணாம்பு தன் பங்குக்குத் தேடிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்தது நிறம்தான். மூடி திறந்து பார்க்க வைத்திருந்த மாதிரிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒன்று வெளுப்பு போட்ட வெள்ளை, நம்பக் கூடாது. இன்னொன்றில் நீலம் கலந்து வெள்ளைபோல ஏமாற்றியிருந்தார்கள். கீழ்த்தட்டின் மூலையில் வட்டமான மரக்கிண்ணத்தில் இருந்த சோப்பைப் பார்த்ததும் நின்றான். வெள்ளையில் கிலோவுக்கு நாலு கிராம் மஞ்சள் விழுந்த, எந்தப் பாசாங்கும் இல்லாத நிறம்.

"இது" என்றான்.

மனைவி வாங்கிப் படித்தாள். உதட்டைப் பிதுக்கவில்லை. இன்னொரு முறை படித்தாள். "கிளிசரின் நிறைய இருக்கு. ஆட்டு ரோமக் கொழுப்பு இருக்கு. ஆல்கஹால் இல்ல, மெந்தால் இல்ல, வாசனை இல்ல. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நிறம் பொய் சொல்லல" என்றான் சுண்ணாம்பு. அன்று அவனுக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது. கூடவே ஒரு பிரஷ்ஷும், புது பிளேடும், ஷேவுக்குப் பின் பூசிக்கொள்ள வாசனையில்லாத கெட்டியான கிரீம் ஒரு புட்டியும் வாங்கினார்கள்.

அன்றிலிருந்து குளியலறை மனைவியின் ஆட்சிக்குள் வந்தது. முதல் இரண்டு நாள் பிளேடையே தொடவிடவில்லை. வெட்டுக்காயம் ஆறட்டும் என்று கிரீம் மட்டும். அதன்பிறகு வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் போட்டு இரண்டு நிமிடம். பிரஷ்ஷை நனைத்து உதறி, சோப்பில் வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் குழைக்க வேண்டும். நுரை தளர்ந்து ஒழுகவும் கூடாது, காய்ந்து நிற்கவும் கூடாது. இந்த இடத்தில் அவளுக்குச் சொல்லித்தர ஒன்றும் இல்லாமல் போயிற்று. பதினான்கு வருடம் பெயிண்ட் குழைத்த கை, எத்தனை சொட்டுத் தண்ணீர் என்று அதற்கே தெரிந்தது. முடி போகிற திசையிலேயே பிளேடை இழுக்க வேண்டும், அழுத்தக் கூடாது. துடைக்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் காயும் முன் கிரீம்.

ஷேவ் தொடங்கிய மூன்றாம் நாள் எரியவில்லை. ஐந்தாம் நாள் உரியவில்லை. ஏழாம் நாள் காலை மனைவி வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவனைக் கடந்து போனவள், நின்று, திரும்பிவந்து உள்ளங்கையை அவன் கன்னத்தில் வைத்தாள். வைத்தவள் உடனே எடுக்கவில்லை.

"பஸ் போயிடும்" என்றான் சுண்ணாம்பு.

"போகட்டும். அடுத்த பஸ் வரும்" என்றாள்.

அவன் சிரித்தான். உதடு வெடிக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காக லேபிள் பிரிவில் பத்து வருடம் பசை தடவலாம் என்றுகூட அவனுக்குத் தோன்றியது. வெளியே சொல்லவில்லை.

இப்படிப்பட்ட கன்னத்தை வைத்துக்கொண்டு அன்றைய மூன்றாவது டெஸ்டுக்கு எப்படிச் சும்மா போவது? மனைவி கிளம்பிப் போனபின் புட்டியைத் திறந்தான். கொஞ்சம் பூசினான். இன்றைக்குத்தானே முக்கியமான நாள் என்று இன்னும் கொஞ்சம் பூசினான். சுவருக்கு இரண்டாவது பூச்சு கொடுத்தே பழகிய ஆள் ஒரு பூச்சோடு நிறுத்துவானா? கண்ணாடியில் முகம் எனாமல் அடித்ததுபோல மின்னியது. அவள் சொன்னது காதின் ஓரத்தில் எங்கோ இருந்தது. அதை அவன் கூப்பிடவில்லை.

அதிகாரி வெள்ளைத் தாளைக் கன்னத்தில் இழுத்தார். சத்தமே இல்லை. "அட" என்றார். மாஸ்க் ஏறியது. உறை கவிழ்ந்தது. கசப்புத் தண்ணீர் புகைந்தது.

"இடது பக்கம் திரும்புங்க. வலது பக்கம். மேல பாருங்க. கீழ பாருங்க. இப்ப இதைச் சத்தமா படிங்க."

படிக்கக் கொடுத்தது லேபிள் பிரிவின் தாள். சுண்ணாம்பு மாஸ்க்குக்குள்ளிருந்து முழங்கினான். "பயன்படுத்துவதற்கு முன் நன்கு குலுக்கவும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில்..."

குழந்தைகளிடம் வரும்போது மாஸ்க் ஒரு விரற்கடை கீழே வழுக்கியது. நாக்கு முழுக்கக் கசப்பு. வேப்பெண்ணெயைக் கரண்டியில் ஊற்றியதுபோல இருந்தது. சுண்ணாம்பு அசரவில்லை. பதினான்கு வருட அனுபவம் எதற்கு இருக்கிறது?

"கசக்குதா?"

"இல்ல மேடம்."

அதிகாரி பாட்டிலைக் கீழே வைத்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியை விரலால் காட்டினார். உறைக்குள் தெரிந்த அந்த ஆளைச் சுண்ணாம்புக்கு அடையாளமே தெரியவில்லை. புருவம் இரண்டும் முட்டிக்கொண்டு, ஒரு கண் மூடி, மூக்குத் தண்டு சுருங்கி, நெற்றியில் நாலு கோடு. பாழாய்ப்போன சோப்பு முகத்தை இளக வைத்துவிட்டிருந்தது. இனி அது அவன் சொல் கேட்காது.

அதிகாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதைப் பார்த்து அவனுக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் நன்றாகச் சிரித்து ஓய்ந்தபிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"வருத்தமாத்தான் இருக்கு. ஆனா இது மூணாவது."

சுண்ணாம்பின் சிரிப்பு அப்படியே நின்றது. பேனா தாளைத் தொடப் போகிற நேரத்தில், காதின் ஓரத்தில் இருந்தது தானாக உள்ளே வந்தது.

"மேடம், அடிக்குறிப்பு! நாலாவது!"

"எது?"

"பின்பக்கம், அடியில. நான் கிரீம் பூசிட்டு வந்துட்டேன். முகத்துல களிம்பு இருந்தா டெஸ்ட் கணக்குல சேராது. நான் படிக்கல மேடம், என் வீட்டுக்காரி படிச்சா."

அதிகாரி தாளை ஜன்னலோரம் எடுத்துப்போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். அவன் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தார், விரல் வழுக்கியது. "எழுதினவங்களே இதைத் திரும்பப் படிச்சிருக்க மாட்டாங்க" என்று முணுமுணுத்தார். "போய்க் கழுவித் துடைச்சுட்டு வாங்க. பத்து நிமிஷம்."

கழுவுமிடத்தில் இருந்தது ஒரே ஒரு சோப்பு. கையில் ஒட்டிய பெயிண்டைத் தேய்த்தெடுக்க வைத்திருக்கும் மணல் கலந்த சாம்பல் தூள். சுண்ணாம்பு அதை உள்ளங்கையில் அள்ளியபோது டெஸ்ட் சேதி கேட்டு மைத்துனன் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"மாமா! அதை முகத்துல போடாதீங்க! உரிஞ்சுடும்!"

"வேற என்ன இருக்கு, மாப்ளே?"

மைத்துனன் கையைப் பிசைந்தான். "உங்களுக்காக நாற்காலியில மெத்தைகூட வாங்கிப் போட்டுட்டேன் மாமா. ஆனா நீங்க உள்ள வந்தா நான் எழுந்து நிக்கணும். நான் நின்னா மொத்தப் பிரிவும் நிக்கும். அப்புறம் யாரு லேபிள் ஒட்டுறது?"

"நீ உட்காரு. நான் வரல" என்று சொல்லிச் சுண்ணாம்பு கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தான். ஒரு வாரம் பார்த்துப் பார்த்து வளர்த்த கன்னம். தண்ணீரோடு அதுவும் ஓடியது.

மறுபடியும் மாஸ்க். இந்த முறை ரப்பர் சிக்கெனப் பிடித்தது. மறுபடியும் இடது, வலது, மேலே, கீழே. குலுக்கவும், குழந்தைகளுக்கு எட்டாத இடம், எல்லாம் ஆயிற்று.

"கசக்குதா?"

 சுண்ணாம்பு நாக்கைத் துழாவிப் பார்த்தான். "இன்னொரு தடவை அடிங்க மேடம்" என்றான். அடித்தார். "பாட்டில்ல மருந்து தீர்ந்துடுச்சான்னு பாருங்க."

அதிகாரி உறையை எடுத்தார், மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார், முகத்துக்கு நேராக ஒரே ஒரு தடவை அடித்தார். அவன் இருமிக்கொண்டே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"மருந்து இருக்கு. உங்க மாஸ்க் சரியா உட்கார்ந்திருக்கு. அவ்வளவுதான்" என்றார். "சரியா உட்கார்ந்தா இப்படித்தான், ஒண்ணுமே தெரியாது. பாஸ்."

சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் அவன் கழற்றிய மாஸ்க்கையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். எல்லோருக்கும் கொஞ்சம் கசக்கத்தான் செய்யும் என்று நம்பியிருந்தானே. கசக்கவே கூடாதாம். ஒரு துளிகூட. அப்படியென்றால் பதினான்கு வருடமாகத் தினமும் எட்டு மணிநேரம் உள்ளே போனது என்ன? அதை அங்கேயே நின்று யோசிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. தூள் அறைக்குப் போய் ஐம்பது கிலோ நீலம் கலந்தான்.

வீட்டுக்கு வந்தபோது முகம் பழையபடி வெள்ளை வெளேரென்று இருந்தது. மனைவி பார்த்த பார்வையிலேயே இரண்டு பூச்சுக் கிரீமையும் மணல் சோப்பையும் ஒப்புக்கொண்டுவிட்டான். அடிக்குறிப்பு காப்பாற்றியதைச் சொன்னதும் அவளுக்குக் கோபத்தையும் மீறிச் சிரிப்பு வந்தது. "படிக்கிறதுக்குன்னு ஒருத்தி வேணும் உங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டே துவைக்கப் போட அவன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்தாள்.

"இன்னிக்கு வேலை பாக்கலையா?"

"பார்த்தேனே. நீலம். அம்பது கிலோ."

அவள் கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கசங்கியிருந்தது, மூக்கைச் சிந்தியிருந்தான், எல்லாம் இருந்தது. நீலம் மட்டும் இல்லை. இத்தனை வருடம் தன் கையால் சிவப்பும் பச்சையும் துவைத்து வெளுத்தவள் அந்த வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்கு முன்னாடி டெஸ்ட்ல எல்லாம் கசக்கலையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல" என்றான் சுண்ணாம்பு.

மணல் சோப்பு மேல்தோலைத்தான் உரித்திருந்தது. அடியில் முகம் இளகித்தான் இருந்தது. அதை அவள் படித்தாள், கடைசி வரிவரைக்கும். அவள் கண் நிறைந்துவிட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போனாள். கிரீம் புட்டியோடு வந்து அவனை உட்கார வைத்துக் கன்னத்தில் ஒற்றி ஒற்றிப் பூசினாள். "சனிக்கிழமை நெஞ்சு டாக்டர்கிட்ட போறோம்" என்றாள். அவன் தலையாட்டினான்.

"நாளைலேர்ந்து தினமும் ஷேவ். நான்தான் வெந்நீர் வைப்பேன்."

"ஞாயித்துக்கிழமை லீவுதானே?"

"ஞாயித்துக்கிழமையும்" என்றாள். அவன் மறு கன்னத்தைக் காட்டினான்.